உள்ளங்கையளவு ரப்பர்

அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. கைபேசியில் ‘ஆஸ்ஃபால்ட்’ என்ற கார் பந்தய விளையாட்டை ஆடுவதில் அவர்கள் தெருவில் அவனுக்கு இணை கிடையாது. கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன், மேசையில் பூட்டியிருந்த ஸ்டீயரிங்கையும் கீழே இருந்த பெடல்களையும் பார்த்ததும் தோள்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கணினியில் ‘அசெட்டோ கோர்சா’வைத் திறந்து, கலிபோர்னியாவின் லகுனா செகா தடத்தையும் ஒரு சின்ன மாஸ்டா காரையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஏபிஎஸ் போன்ற உதவிகளை ஏற்கெனவே அணைத்துவைத்திருந்தேன். நேர்பாதையில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தான். இடப்பக்கம் கொண்டை ஊசியாக வளையும் ஆண்ட்ரெட்டி ஹேர்பின் வந்தது. கடைசி நொடியில் பிரேக்கை அடிவரை மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒரேயடியாக ஒடித்தான். சக்கரங்கள் திரும்பின. கார் திரும்பவில்லை. நேராகப் போய் மணலில் நின்றது.

“மாமா, இந்த கேம்ல ஸ்டீயரிங்கே வேலை செய்யல.”

ஸ்டீயரிங் சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் அவன் அப்படிச் சொன்னதில் தவறில்லை. ஆர்கேட் வகைக் கார் பந்தய விளையாட்டுக்கும் சிமுலேஷன் வகைக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அவன் சொன்ன அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

பலரிடம் கேட்டால், படம் நிஜம்போல இருந்தால் சிமுலேஷன், பொம்மைபோல இருந்தால் ஆர்கேட் என்பார்கள். வேறு சிலர், கஷ்டமாக இருப்பது சிமுலேஷன், சுலபமாக இருப்பது ஆர்கேட் என்பார்கள். இரண்டும் சரியல்ல. இன்றைய கைபேசி விளையாட்டுகளில் காரின் பெயின்ட்டில் மேகம் பிரதிபலிப்பதுகூடத் தெரிகிறது. இருந்தும் அவை ஆர்கேட்தான். 1998-இல் வந்த ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’ விளையாட்டில் மரங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல நிற்கும். ஆனால் அது அசல் சிமுலேஷன். சுலபம், கஷ்டம் என்பதும் அப்படியே. பழைய ஆர்கேட் இயந்திரங்களில் கடைசிக் கட்டம்வரை போய்ச் சேர்வது பெரிய சாதனை.

வேறுபாடு நிரலுக்கு உள்ளே இருக்கிறது. ஆடுகிறவர் பொத்தானை அழுத்தும்போது ஆர்கேட் நிரல் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி: ‘இவர் என்ன செய்ய நினைக்கிறார்?’ சிமுலேஷன் நிரல் கேட்கும் கேள்வி: ‘இப்போது டயருக்கு என்ன நேர்கிறது?’ முதல் கேள்விக்கு மனிதரைப் படித்திருக்க வேண்டும். இரண்டாவதற்கு இயற்பியல் படித்திருக்க வேண்டும்.

ஆர்கேட் என்பது முதலில் ஓர் இடத்தின் பெயர். காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கூடத்தை அப்படி அழைத்தார்கள். 1974-இல் அட்டாரி வெளியிட்ட ‘கிரான் டிராக் 10’ இயந்திரத்திலேயே ஸ்டீயரிங், கியர், பெடல் எல்லாம் வந்துவிட்டன. 1982-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் ‘போல் பொசிஷன்’ இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஃபுஜி மலையடிவாரத்துப் பந்தயத் தடம், காரைப் பின்னாலிருந்து பார்க்கும் கோணம், பந்தயத்துக்கு முன் ஒரு தகுதிச் சுற்று. இன்று நாம் ஆடும் பெரும்பாலான பந்தய விளையாட்டுகள் அந்தக் கோணத்தை இன்னும் விடவில்லை.

இந்த இயந்திரங்களின் குணத்தைத் தீர்மானித்தது காசு. ஒருவர் போட்ட காசுக்குச் சில நிமிடங்களில் இருக்கை காலியாக வேண்டும் என்பது கடைக்காரரின் தேவை. ஏமாந்துவிட்டோம் என்று தோன்றாமல், இன்னொரு காசு எடுக்கத் தோன்ற வேண்டும் என்பது தயாரித்தவரின் தேவை. கிளட்ச் பிடிக்கச் சொல்லித்தர அங்கே நேரம் இல்லை. உட்கார்ந்த பத்தாவது நொடியில் உடம்பு சிலிர்க்க வேண்டும். அதனால்தான் நேரக் கடிகாரமும் ‘செக்பாயின்ட்’டும் பிறந்தன. அடுத்த செக்பாயின்ட்டைக் கடிகாரம் தீர்வதற்குள் தாண்டினால் இன்னும் சில நொடிகள் தருவார்கள். மோதினால் கார் உருண்டு புரளும், சில நொடிகளில் மறுபடியும் சாலையில் முழுதாக நிற்கும். தண்டனை காருக்கு இல்லை, நேரத்துக்குத்தான்.

இதே கணக்கை நம் ஊரில் 2000-களின் பிரௌசிங் சென்டர்களில் பார்த்திருப்போம். அங்கே மணிக்கு இவ்வளவு என்று காசு. பள்ளி விட்டதும் ‘ரோட் ராஷ்’, பிறகு ‘நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்’. பக்கத்து பைக்கில் வருபவனை எட்டி உதைத்துத் தள்ளலாம், போலீஸ் கார்களைச் சிதறடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் கிடைத்துவிட வேண்டும். டயர் சூடேறும்வரை காத்திருக்க யாரிடமும் காசு இல்லை.

ஆர்கேட் வகையின் உச்சம் என்று நான் நினைப்பது 1986-இல் சேகா வெளியிட்ட ‘அவுட் ரன்’. அதை உருவாக்கிய யூ சுசூகி அதற்காக ஐரோப்பாவில் காரில் சுற்றிப் பார்த்து வந்தவர். அதைப் பந்தய விளையாட்டு என்று சொல்வதில் அவருக்கு விருப்பமில்லை. கார் ஓட்டும் விளையாட்டு என்றார். சிவப்பு நிறத் திறந்த கார், பக்கத்து இருக்கையில் ஒரு பெண், புறப்படும் முன் ரேடியோவில் எந்தப் பாட்டு வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரியும். மொத்தம் 15 கட்டங்கள், 5 முடிவுகள். எந்தப் பக்கம் போவது என்பது நம் இஷ்டம்.

உள்ளே நடப்பது அதைவிட வியப்பு. அன்றைய இயந்திரத்துக்கு முப்பரிமாணம் தெரியாது. திரையில் காணும் சாலை, கிடைக்கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைந்த படம். வளைவு வரும்போது அந்தக் கோடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்தி வரைவார்கள். உண்மையில் கார் திரும்புவதே இல்லை, சாலைதான் வளைகிறது. வேகத்துக்கும் வளைவுக்கும் ஏற்ப நிரல் காரை வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலை எதிர்த்து நாம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்கிறோம். டயர், ஸ்பிரிங், எடை எல்லாவற்றுக்கும் பதிலாக அந்த ஒரு தள்ளல். ஆனாலும் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் உடலைச் சாய்த்துத் திரும்புகிறார். அந்த ஒரு எண்ணை எவ்வளவு வைத்தால் மனித உடம்பு சாயும் என்று கண்டுபிடித்ததுதான் கலை.

1993-இல் நாம்கோவின் ‘ரிட்ஜ் ரேசர்’ வந்தபோது உலகம் முப்பரிமாணமாகிவிட்டது. ஆனால் குணம் மாறவில்லை. வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, மறுபடி மிதித்தால் காரின் பின்பக்கம் அகலமாகச் சறுக்கும். நிரல் அந்தச் சறுக்கலைத் தன் கையால் பிடித்துக்கொண்டு, வளைவு முடிந்ததும் காரை நேராக விட்டுவிடும். அந்தச் சறுக்கலுக்குப் பெயர்தான் டிரிஃப்ட். ஆர்கேட் விளையாட்டுகளில் டிரிஃப்ட் என்பது வடிவமைப்பாளர் எழுதிவைத்த ஓர் அசைவு. நாட்டியத்தில் அடவு மாதிரி. அதைத் தொடங்குவது மட்டுமே நம் வேலை. அக்கா மகன் கைபேசியில் பிரேக் பொத்தானைத் தட்டியதும் கார் அழகாகச் சறுக்கி, கூடுதல் வேகம் தரும் நைட்ரோவை நிரப்பிக்கொள்கிறதே, அது இந்த வழியில் வந்ததுதான். அவனுடைய அகராதியில் பிரேக் என்றால் திரும்புவதற்கான பொத்தான். அதனால்தான் லகுனா செகாவில் மணலுக்குப் போனான்.

இப்போது டயருக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் பொறுமையாக நிற்க வேண்டும்.

ஒரு டன் எடையுள்ள காரைத் தரையோடு இணைப்பவை நான்கு ரப்பர் துண்டுகள். ஒவ்வொன்றிலும் தரையைத் தொடும் பகுதி ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவுதான். வேகமெடுப்பது, நிற்பது, திரும்புவது எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகவே நடந்தாக வேண்டும். ஒரு டயரின் பிடிப்பு மொத்தம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்க 80 ரூபாய் செலவழித்தால் திரும்புவதற்கு எவ்வளவு மிச்சம்? கடைக் கணக்கில் 20. டயர் கணக்கில் 60. பிரேக் விசை பின்பக்கம் இழுக்கிறது, திருப்பும் விசை பக்கவாட்டில் இழுக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. எனவே பள்ளியில் படித்த பிதாகரஸ் இங்கே வருகிறார். 80-இன் வர்க்கம் 6,400, 60-இன் வர்க்கம் 3,600, கூட்டினால் 10,000. அது 100-இன் வர்க்கம். ஆக, பிரேக்கைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினாலும் திரும்புவதற்கு நிறையக் கிடைக்கிறது. ஆனால் 100 ரூபாயையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திரும்ப ஒரு காசுகூட மிச்சமில்லை. அதற்கு மேலும் மிதித்தால் சக்கரம் சுழல்வதே நின்றுபோகும். சுழலாத சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் போகிற வழியில்தான் போகும். ‘ஸ்டீயரிங்கே வேலை செய்யல’ என்று அவன் சொன்னது இதைத்தான். சாலையில் ஓடும் கார்களில் ஏபிஎஸ் வைத்திருப்பதும் இதற்காகத்தான்: சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் ஓட்டுநரால் திருப்ப முடியும்.

இந்த 100 ரூபாயும் நிலையான தொகை இல்லை. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் திடீரென்று பிரேக் பிடித்தால் எல்லாரும் முன்பக்கம் சாய்கிறோம். காரின் எடையும் அப்படியே முன்சக்கரங்களின் மேல் சாய்கிறது. முன் டயர்களுக்குப் பிடிப்பு கூடும், பின் டயர்களுக்குக் குறையும். அந்த நேரத்தில் அவசரமாகத் திருப்பினால் பின்பக்கம் பிடிவிட்டு வெளியே சுழன்றுவரும். அதை ஓவர்ஸ்டியர் என்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எடை பின்னால் போகும், முன்பக்கம் லேசாகி, கார் திரும்ப மறுக்கும், அது அண்டர்ஸ்டியர். நல்ல ஓட்டுநர் என்பவர் இந்த எடையைக் குடத்துத் தண்ணீர் மாதிரி தளும்பாமல் நகர்த்தத் தெரிந்தவர். பிரேக்கை ஒரேயடியாக விடாமல், ஸ்டீயரிங் திரும்பத் திரும்பப் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வளைவில் டயர் பார்க்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றல்ல. சில பாகை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் கூடக்கூடப் பிடிப்பும் கூடும், ஓர் உச்சம்வரை. உச்சத்தைத் தாண்டினால் பிடிப்பு குறையத் தொடங்கும். பந்தய வீரர்கள் அந்த உச்சத்தின் விளிம்பிலேயே வாழ்கிறவர்கள். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்பாடாக எழுதித் தந்தவர்களில் முதன்மையானவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசேய்க்கா. அவருடைய சமன்பாட்டைப் பொறியாளர்கள் ‘மேஜிக் ஃபார்முலா’ என்றே அழைக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அளந்த டயரின் நடத்தையோடு வியக்கத்தக்க அளவு பொருந்துவதால் அந்தப் பெயர். பல சிமுலேஷன் விளையாட்டுகளின் உள்ளே அந்தச் சமன்பாட்டின் ஏதோவொரு வடிவம் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘ஐரேசிங்’ விளையாட்டு இந்தக் கணக்குகளை நொடிக்கு 360 முறை போடுகிறது. டயரின் சூடு, அதன் காற்றழுத்தம், தேய்மானம், சாலையில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தடங்களை லேசர் கருவியால் அளந்துவந்து அப்படியே கணினிக்குள் வைக்கிறார்கள்.

இப்படிச் செய்வதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். சிமுலேஷனில் டிரிஃப்ட் என்று யாரும் தனியாக எழுதிவைப்பதில்லை. டயரை எழுதுகிறார்கள், எடையை எழுதுகிறார்கள், ஸ்பிரிங்கை எழுதுகிறார்கள். சறுக்கல் தானாக நடக்கிறது. மழையில் கார் எப்படி வழுக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஈரத் தரையில் ரப்பரின் பிடிப்பு இவ்வளவு என்று மட்டும் சொன்னார்கள். வடிவமைப்பாளர்களே எதிர்பார்க்காத ஓட்டும் உத்திகளை ஆடுகிறவர்கள் கண்டுபிடிப்பது இதனால்தான். எனக்கு இந்த வகையின்மேல் உள்ள பிரியம் முழுவதும் இதனால் வந்தது.

சிமுலேஷனின் பூர்வீகம் காசுக் கூடம் இல்லை, வீட்டுக் கணினி. இங்கிலாந்தில் இயற்பியல் படித்த ஜெஃப் கிராமண்ட், பிபிசி மைக்ரோ என்ற சின்னக் கணினிக்காக 1984-இல் ‘ரெவ்ஸ்’ எழுதினார். அதில் ஃபார்முலா 3 காரைச் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஓட்ட வேண்டும். பின்னாளில் அவர் எழுதிய ஃபார்முலா 1 விளையாட்டுகள் ஒரு தலைமுறையையே வளர்த்தன. அமெரிக்காவில் டேவிட் கேமரும் ஒமர் குதாரியும் தொடங்கிய பாப்பிரஸ் நிறுவனம் 1989-இல் ‘இண்டியானபோலிஸ் 500’ விளையாட்டைக் கொண்டுவந்தது. அந்தத் தலைப்பிலேயே ‘சிமுலேஷன்’ என்ற சொல்லும் இருந்தது.

நான் முன்பு சொன்ன ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’ அதே பாப்பிரஸ் செய்ததுதான். அவர்கள் எடுத்துக்கொண்டது 1967-ஆம் ஆண்டின் ஃபார்முலா 1 பந்தயங்கள். காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் அந்த ஆண்டில் இன்னும் வரவில்லை. டயர்கள் ஒல்லி, எஞ்சின்கள் வெறிகொண்டவை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஒரு சுற்று 22 கிலோமீட்டருக்கும் மேல். முதல் நாள் ஆடியவர்கள் ஒரு சுற்றைக்கூட முடிக்க முடியாமல் புலம்பினார்கள். விற்பனையும் சரியாகப் போகவில்லை. ஆனால் அதை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் பல ஆண்டுகள் தாங்களாகவே புதிய தடங்களையும் கார்களையும் செய்து சேர்த்து அதை உயிரோடு வைத்திருந்தார்கள். கேமர் பிறகு ஜான் ஹென்றி என்ற தொழிலதிபரோடு சேர்ந்து 2004-இல் தொடங்கியதுதான் ‘ஐரேசிங்’ நிறுவனம். விளையாட்டு 2008-இல் வெளியானது.

கூடத்துக்குள்ளும் விதிவிலக்கு உண்டு. 1989-இல் அட்டாரி கேம்ஸ் வெளியிட்ட ‘ஹார்ட் டிரைவிங்’ இயந்திரத்தில் சாவி போட்டு வண்டியை எழுப்ப வேண்டும், கிளட்ச் உண்டு, சாலையின் விசையை ஸ்டீயரிங் கையில் உணர்த்தியது. கார்களின் இயக்கவியலில் தேர்ந்த டக் மில்லிகன் அதற்கு ஆலோசனை தந்தார். ஆக, எந்த இடத்தில் வைத்து ஆடுகிறோம் என்பது வகையைத் தீர்மானிப்பதில்லை. தொடரின் பெயரும் அதைத் தீர்மானிப்பதில்லை: 1994-இல் வந்த முதல் ‘நீட் ஃபார் ஸ்பீட்’ ஒரு கார் இதழோடு சேர்ந்து, கார்களின் நடத்தையை ஓரளவு நிஜமாகக் காட்ட முயன்றது. போகப்போகத்தான் அந்தத் தொடர் முழு ஆர்கேட்டாக மாறியது.

எதிராளிகள் விஷயத்திலும் இரண்டு வகைக்கும் குணம் வேறு. பல ஆர்கேட் விளையாட்டுகளில் நீங்கள் பின்தங்கினால் முன்னால் போகும் கார்கள் மெதுவாகும். முன்னால் போனால் பின்னால் வருபவை பாய்ந்து வரும். கண்ணுக்குத் தெரியாத ரப்பர் பேண்டால் எல்லாரையும் கட்டிவைத்ததுபோல. நின்டெண்டோவின் ‘மாரியோ கார்ட்’ இதை வெளிப்படையாகவே செய்கிறது: கடைசியில் வருபவருக்குத்தான் பலமான பொருள்கள் கிடைக்கும். இதை ஏமாற்று என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். பத்து வயதுக் குழந்தையும் தாத்தாவும் ஒரே சோபாவில் உட்கார்ந்து கடைசி வளைவுவரை சேர்ந்தே பரபரப்பதற்கு இதைவிட நல்ல வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. சிமுலேஷனில் அந்தக் கருணை கிடையாது. முதல் சுற்றில் சுழன்று நின்றால் மீதிப் பந்தயம் முழுக்கத் தனியாக ஓட்ட வேண்டியதுதான்.

மோதலைப் பாருங்கள். 2004-இல் வந்த ‘பர்ன்அவுட் 3’ விளையாட்டில் பக்கத்துக் காரைச் சுவரில் மோதித் தள்ளினால் பரிசு. எதிரே வரும் வண்டியை மயிரிழையில் உரசாமல் போனால் கூடுதல் வேகம். ‘ஐரேசிங்’கில் தடத்தைவிட்டு வெளியே போனால் 1 புள்ளி, சுழன்றால் 2, இன்னொரு காரைப் பலமாக இடித்தால் 4 என்று உங்கள் கணக்கில் தவறுகள் ஏறும். அவை கூடினால் பாதுகாப்பு மதிப்பெண் குறையும். குறைந்தால் மேல்நிலைப் பந்தயங்களில் இடம் கிடைக்காது. இதனால் ஒரே மனிதர் இரண்டு விளையாட்டிலும் வேறு வேறு மனிதராகிறார். ஒன்றில் இடைவெளியைக் கண்டால் பாய்கிறார். மற்றதில் பக்கத்தில் வருபவருக்கு ஒரு கார் அகலம் விட்டு ஓட்டப் பழகுகிறார்.

ஸ்டீயரிங் சக்கரம் வாங்க வேண்டுமா என்று கேட்பவர்கள் அது செய்வது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடும் காரில் முன் டயர்கள் எப்போதும் நேராக நிற்கவே முயலும். வளைவில் அந்த முயற்சி ஸ்டீயரிங் வழியாக நம் கையை எதிர்த்து இழுக்கும். பிடிப்பு தன் உச்சத்தை நெருங்கும்போது அந்த இழுவை திடீரென்று லேசாகும். கார் கண்ணுக்குத் தெரியும்படி வழுக்குவதற்குக் கொஞ்சம் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். மோட்டார் வைத்த நல்ல ஸ்டீயரிங் செய்வது இதைத்தான். பெடலிலும் ஒரு நுணுக்கம். எவ்வளவு தூரம் மிதித்தோம் என்பதைவிட எவ்வளவு அழுத்தி மிதித்தோம் என்பதைக் கால் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் அழுத்தத்தை அளக்கும் ‘லோட் செல்’ பிரேக்கைத் தேர்ந்தவர்கள் விரும்புகிறார்கள். ஆர்கேட் விளையாட்டுக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை. அவை விரல் நுனிக்காகவே அளவெடுத்துத் தைத்தவை.

இவ்வளவு செய்தும் சிமுலேஷன் தர முடியாத ஒன்று உண்டு: உடம்பு உணரும் விசை, அதோடு பயம். பிபிசியின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சியில் அதன் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன் இதே லகுனா செகாவில் ஒரு சோதனை செய்தார். ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாட்டில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில் அவர் எடுத்த நேரம் 1 நிமிடம் 41 நொடி. நிஜக் காரில் நிஜத் தடத்தில் 1 நிமிடம் 57 நொடி. அந்தத் தடத்தின் எட்டாவது திருப்பமான ‘கார்க்ஸ்க்ரூ’வுக்கு ஏறிப் போகும்போது எதிரே வானம் மட்டும்தான் தெரியும், அடுத்த நொடி சாலை இடதும் வலதுமாகத் திருகிக்கொண்டு சுமார் 18 மீட்டர் கீழே விழும். திரையில் அது ஒரு படம். இருக்கையில் அது வயிற்றைப் புரட்டும் பள்ளம். அந்த 16 நொடியில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் பாலம் கட்டியவர்கள் உண்டு. 2008-இல் தொடங்கிய ஜிடி அகாடமி, ‘கிரான் டூரிஸ்மோ’ ஆடுகிறவர்களிலிருந்து நிஜப் பந்தய வீரர்களைத் தேர்ந்தெடுத்தது. அதன் முதல் வெற்றியாளரான ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோன்யெஸ், 2011-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாமிடம் பெற்ற அணியில் இருந்தார். பதின்ம வயதில் ‘ஐரேசிங்’கில் ஓட்டப் பழகிய வில்லியம் பைரன், அமெரிக்காவின் டேட்டோனா 500 பந்தயத்தை 2024, 2025 என்று இரண்டு முறை வென்றார். எங்கே பார்க்க வேண்டும், எங்கே பிரேக் பிடிக்க வேண்டும், பக்கத்தில் கார் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் திரை சொல்லித்தருகிறது. மீதியை உடம்பு தடத்தில் கற்றுக்கொள்கிறது.

சிமுலேஷன் ஆடுகிறவர்களில் சிலர் ஆர்கேட்டைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வேகம் எவ்வளவு என்பது வேறு, வேகமாகத் தெரிவது வேறு. சிமுலேஷனில் அகலமான தடத்தில் 200 கிலோமீட்டர் வேகம் ஆமைபோலத் தோன்றும். ஆர்கேட் விளையாட்டில் 120 கிலோமீட்டரே மூச்சை அடைக்கும். நைட்ரோவை அழுத்தியதும் பார்வைப் புலத்தை அகலமாக்குகிறார்கள்; திரையின் ஓரங்கள் இழுபட்டுப் பின்னால் பாய்கின்றன. கேமராவைத் தரைக்கு அருகே இறக்குகிறார்கள், கொஞ்சம் நடுங்கவிடுகிறார்கள், சாலையோரக் கம்பங்களை நெருக்கமாக நடுகிறார்கள், காற்றின் ஒலியைக் கூட்டுகிறார்கள். விசையை உடம்புக்குத் தர முடியாது என்பது தெரிந்து, அந்த விசை மனதுக்குள் எழுப்பும் உணர்வை வேறு வழியில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். சிமுலேஷன் காரைப் பற்றி உண்மை பேசுகிறது. ஆர்கேட், கார் ஓட்டும்போது நமக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி உண்மை பேசுகிறது.

இரண்டுக்கும் நடுவே பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. அதைச் சிம்கேட் என்கிறார்கள். 1997-இல் கசுனோரி யமாவுச்சி உருவாக்கிய ‘கிரான் டூரிஸ்மோ’ இங்கேதான் நிற்கிறது. நிஜ ஓட்டுநர் உரிமம்போலத் தேர்வுகளில் ஓட்டிக் காட்டித் தேறினால்தான் பந்தயங்களுக்குள் விடும். டயரும் எடையும் கணக்கில் உண்டு, ஆனால் கையில் சாதாரண கன்ட்ரோலர் வைத்திருப்பவருக்கும் பிடிபடும்படி கூர்முனைகளை மழுக்கியிருப்பார்கள். ‘ஃபோர்சா ஹரைசன்’ இன்னும் கொஞ்சம் ஆர்கேட் பக்கம் சாய்ந்தது. தவறு செய்தால் நேரத்தைப் பின்னோக்கி ஓட்டித் திருத்திக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை எளிமையானது. ஸ்டீயரிங்கை முதலில் வாங்க வேண்டாம். சிம்கேட் ஒன்றைக் கன்ட்ரோலரில் ஆடுங்கள். ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் உதவிகளை (இரண்டாவது, வேகமெடுக்கும்போது சக்கரம் வழுக்காமல் காப்பது) வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒன்றை அணைத்துப் பாருங்கள். எது அணைந்தபோது கார் என்ன செய்தது என்று கவனித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். பிறகும் ஆசை குறையவில்லை என்றால் சிமுலேஷனுக்கு வாருங்கள், அங்கே மெதுவான காரை எடுங்கள். வேகமான கார் தவறு நடந்தது என்று மட்டும் சொல்லும். மெதுவான கார் தவறு எங்கே நடந்தது என்று காட்டித்தரும். ஒரே தடம், ஒரே கார், ஒரு வாரம். யாரோடும் போட்டி வேண்டாம். நேர்பாதையிலேயே பிரேக்கின் பெரும்பகுதியை முடித்துவிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி திருப்பத்துக்குள் நுழையுங்கள்.

அக்கா மகனுக்கு அந்த 100 ரூபாய்க் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். பிதாகரஸ் என்றதும் முகம் சுளித்தான். ஆனால் அடுத்த நாள் காலையில் பல் தேய்த்த கையோடு உட்கார்ந்து, ஆண்ட்ரெட்டிக்கு முன்னால் இருந்த தூரப் பலகையைக் குறித்துக்கொண்டு பிரேக்கைத் தொட்டான். கார் திரும்பியது. அவன் திரும்பி என்னைப் பார்த்ததில் அடுத்த வளைவில் மணலுக்குப் போனான். நான்காம் நாள் ஒரு முழுச் சுற்றைத் தடத்தைவிட்டு விலகாமல் முடித்தான். நேரம் எவ்வளவு என்று அவன் பார்க்கவே இல்லை.

ஊருக்குக் கிளம்புமுன் ஒரு மாலுக்கு அழைத்துப் போனேன். அங்கே இரட்டை இருக்கைப் பந்தய இயந்திரம் ஒன்று. அட்டையைத் தேய்த்துவிட்டு அவன் ஒன்றில், நான் ஒன்றில். முதல் வளைவு வந்ததும் பழக்கத்தில் நேராகவே பிரேக் பிடித்து, பாதத்தை மெல்ல எடுத்து, அழகாக உள்ளே திரும்பினான். நான்கு கார்கள் அவனை முந்திப் போயின, அதில் ஒன்று என்னுடையது. அடுத்த வளைவில் அவன் பிரேக்கைத் தொடவில்லை.